பங்குத்தந்தை மாறுகிற வாரத்தில் கல்யாணமும் கட்டட நிதியும்

நீங்கள் எழுதியதைச் சுருக்கித் திரும்பச் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். குமரிக் கடலோரத்தில் ஒரு கத்தோலிக்க ஊர். பங்குத்தந்தை, அதாவது ஊர்க் கோயிலுக்கும் அதன் மக்களுக்கும் (பங்குக்கு) பொறுப்பான குரு, வந்து மூன்று ஆண்டுதான் ஆகிறது, அதற்குள் மாற்றல் ஆணை வந்துவிட்டது. புதுக் கோயில் வேலை பாதியில் நிற்கிறது. புதியவர் பொறுப்பேற்கிற அதே வாரத்தில் உங்கள் தங்கையின் திருமணம். ஊரார் கையெழுத்து வாங்கி ஆயரிடம் கொடுத்தால் மாற்றலை நிறுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மாற்றுவதற்கு ஆயருக்கு எவ்வளவு அதிகாரம்? பழையவர் போய்ப் புதியவர் வருகிற இடைவெளியில் யார் பங்குத்தந்தை? பழையவர் கையில் இருந்த பணமும் பொறுப்பும் யாரிடம் போகின்றன? முதல் கேள்விக்கு நீங்கள் எதிர்பார்க்கும் பதில் கிடைக்காது. ஊர் இறங்கிச் செய்யக்கூடிய வேலையெல்லாம் மற்ற இரண்டில்தான் இருக்கிறது. திருச்சபைச் சட்டம் முறையாகப் படித்தவன் நான்; பங்குக் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் வேலை. அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஊர் எந்த மறைமாவட்டம் (ஓர் ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி) என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குமரி மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 1930இல் கொல்லத்திலிருந்து பிரிந்த கோட்டாறு, 2014 டிசம்பரில் கோட்டாற்றிலிருந்து பிரிந்த குழித்துறை, இரண்டும் இலத்தீன் வழிபாட்டு முறை. தூத்தூர் வட்டாரக் கடலோர ஊர்கள் நம் மாவட்டத்தில் இருந்தாலும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. 1996இல் உருவான மார்த்தாண்டம் மறைமாவட்டம் சீரோ மலங்கரை; அதே ஆண்டில் உருவான தக்கலை சீரோ மலபார். இவை இரண்டும் கீழை வழிபாட்டு முறைக் கத்தோலிக்கத் திருச்சபைகள். இலத்தீன் பங்குகளுக்கு 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு. மார்த்தாண்டத்துக்கும் தக்கலைக்கும் 1990இல் வெளிவந்த கீழைத் திருச்சபைகளின் சட்டத்தொகுப்பு. பங்குத்தந்தை மாற்றல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் போகிறது, எண்கள் வேறு. கீழே நான் சொல்லும் எண்கள் 1983ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு உரியவை.

‘மூன்றே வருஷம்தானே’ என்ற உங்கள் வாதத்துக்குச் சட்டத்தில் ஓரளவு ஆதரவு உண்டு. சட்டம் 522 பங்குத்தந்தைக்கு நிலைத்தன்மை வேண்டும் என்கிறது. கால வரையறை இல்லாமல் நியமிப்பதுதான் பொது விதி. ஆயர் பேரவை ஆணை வழியாக அனுமதித்திருந்தால் மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கலாம். அப்படி வைக்கும் காலம் ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருக்கக் கூடாது என்று 2020இல் உரோமையின் குருக்கள் துறை வெளியிட்ட அறிவுறுத்தல் சொல்கிறது. ஆனால் இது ஆயரின் கையைக் கட்டிப்போடும் கயிறு இல்லை. ஐந்து ஆண்டுக்கு நியமித்தவரை மூன்றாம் ஆண்டில் தக்க காரணத்தோடு வேறு பங்குக்கு மாற்றச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மாற்றல் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் கூட்டமாக வருவதால், ஒருவரின் மாற்றலுக்கு அவர் பங்கிலேயே காரணம் இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கோ ஒருவர் 75 வயது நிறைந்து பணி விலகல் கடிதம் கொடுத்திருப்பார், ஒருவர் மேற்படிப்புக்குப் போவார், ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போகும். ஒரு நாற்காலி காலியானால் ஐந்தாறு பேர் நகர வேண்டும். ஊரில் ‘யார் போட்டுக்கொடுத்தது’ என்று ஆள் தேடுவது பல நேரம் வீண் வேலை.

ஆணையில் அவரை என்ன பெயரில் நியமித்திருந்தார்கள் என்பதையும் பாருங்கள். முறையாக நியமிக்கப்பட்ட பங்குத்தந்தை என்றால் 1748 முதல் 1752 வரை உள்ள மாற்றல் சட்டங்கள் அவருக்குப் பொருந்தும். ஆயர் எழுத்தில் மாற்றலை முன்மொழிந்து, இறைவன் பெயராலும் ஆன்மாக்களின் நலன் பெயராலும் இணங்கும்படி கேட்க வேண்டும். அவர் மறுத்தால் காரணங்களை எழுத்தில் தர வேண்டும். ஆயர் அதற்கென்று தேர்ந்துள்ள பங்குத்தந்தையர் இருவரோடு அந்தக் காரணங்களை ஆராய்ந்து, மறுபடியும் அறிவுறுத்த வேண்டும். அதன் பிறகும் மறுத்தால் மாற்றல் ஆணை பிறப்பித்து, இன்ன நாளோடு பங்கு காலி என்று குறிப்பிடலாம். இத்தனை படிகளும் பங்குத்தந்தை மறுக்கும்போது மட்டும்தான். அவர் ‘சரி’ என்று சொன்ன நிமிடமே இவை தேவையற்றவை ஆகிவிடுகின்றன. திருநிலைப்பாட்டின்போது (குருப்பட்டம் பெறும்போது) கீழ்ப்படிதல் வாக்குக் கொடுத்தவர்கள். மிகப் பெரும்பாலோர் சரி என்றுதான் சொல்வார்கள். உதவிப் பங்குத்தந்தை என்றால் இவ்வளவு நடைமுறை இல்லை, நியாயமான காரணம் போதும். துறவற சபைக் குரு என்றால் ஆயரோ சபைத் தலைவரோ ஒருவர் மற்றவருக்குத் தெரிவித்துவிட்டுத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம், சம்மதம் கேட்க வேண்டியதில்லை.

இனி கையெழுத்து மனு. தங்கள் தேவைகளையும் விருப்பங்களையும் மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்கும் உரிமை இறைமக்களுக்கு உண்டு, சட்டம் 212 அதைச் சொல்கிறது. மனு கொடுப்பது தப்பே இல்லை. ஆனால் ஆணையை எதிர்த்து முறையிடும் வழி பங்குத்தந்தைக்காக வைக்கப்பட்டது. ஆணை கைக்கு வந்து பத்து நாளுக்குள் மறுபரிசீலனை கேட்டு, அது மறுக்கப்பட்டால் பதினைந்து நாளுக்குள் மேலிடத்துக்குப் போகலாம். அவரே போகத் தயாராக இருக்கும்போது ஊர் போய் ‘விடமாட்டோம்’ என்றால், அது அவருக்கே சங்கடம். அவர்தான் தூண்டிவிட்டார் என்ற பேச்சு அவரோடு புதுப் பங்குக்கும் போய்ச் சேரும். ஆகவே ‘மாற்றாதீர்கள்’ என்று ஆயிரம் கையெழுத்து கொடுப்பதைவிட, பங்கு மக்களின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவையும் நிதிக்குழுவும் சேர்ந்து ஒரு பக்கக் கடிதம் கொடுப்பது பலன் தரும். கோயில் வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது, ஒப்பந்தக்காரருக்கு எவ்வளவு பாக்கி, அடுத்த தளம் எந்த மாதம் போட வேண்டும், ஆகவே பொறுப்பு மாற்றத் தேதியை இத்தனை வாரம் தள்ளி வைக்க முடியுமா, அல்லது கட்டுமானம் தெரிந்த ஒருவரை அனுப்ப முடியுமா. இப்படி எழுதிய கடிதத்தை ஆயர் இல்லத்தில் எடுத்து வாசிப்பார்கள். பங்குத்தந்தையை நியமிக்கும் முன் வட்டார முதல்வரிடம் (அந்த வட்டாரப் பங்குகளை மேற்பார்க்கும் குரு) கருத்துக் கேட்க வேண்டும், தேவைப்பட்டால் பொதுநிலையினரையும் கேட்கலாம் என்று சட்டம் 524 சொல்வதால், கடிதத்தின் ஒரு படியை வட்டார முதல்வருக்கும் கொடுங்கள்.

கோயிலைப் பூட்டுவது, புதியவரை ஊர் எல்லையில் மறிப்பது போன்றவற்றை யாராவது பேசினால், அதனால் சட்டப்படி எதுவும் நடக்காது என்று சொல்லிவிடுங்கள். பங்குத்தந்தை கோயிலில் வந்துதான் பொறுப்பேற்க வேண்டும் என்பது வழக்கமான முறை. தக்க காரணம் இருந்தால் அந்த முறையிலிருந்து ஆயர் விதிவிலக்கு அளிக்கலாம் என்றும், அதைப் பங்குக்கு அறிவித்தாலே பொறுப்பேற்றதற்குச் சமம் என்றும் 527ஆம் சட்டத்தின் இரண்டாம் பத்தி சொல்கிறது. கதவைப் பூட்டினாலும் அவர்தான் பங்குத்தந்தை. ஊருக்குத் திருப்பலி இல்லாமல் போவதுதான் மிச்சம்.

அடுத்தது உங்களை உண்மையிலேயே பாதிக்கிற கேள்வி: எந்த நொடியில் ஒருவர் போய் மற்றவர் வருகிறார்? ஆணையில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், மாற்றல் பெற்றவர் புதிய இடத்தில் முறைப்படி பொறுப்பேற்கும்போதுதான் பழைய பதவி காலியாகிறது (சட்டம் 191). மாற்றல் அறிவிப்பு வாசித்த ஞாயிற்றுக்கிழமையோ வழியனுப்பு விழா நடந்த நாளோ கணக்கில் இல்லை. புதியவர் தரப்பில், நியமனக் கடிதம் கையில் இருந்தால் மட்டும் போதாது. ஆயரோ அவர் அனுப்பியவரோ முன்னிலையில் விசுவாச அறிக்கை சொல்லி, உறுதிமொழி எடுத்து, பொறுப்பேற்ற பிறகுதான் அவர் பங்குத்தந்தை. நம் பக்கத்தில் இதைப் பெரும்பாலும் வட்டார முதல்வர் நடத்துவார். நியமனக் கடிதத்தை வாசித்து, நற்கருணைப் பேழைச் சாவியையும் கோயில் சாவியையும் கையில் கொடுப்பார். இருவரும் ஒரே நாளில் மாறினால் இடைவெளி இல்லை. ஐந்து பங்குகள் சங்கிலியாக மாறும்போது ஓர் இடத்தில் ஓரிரு நாள் விழத்தான் செய்யும். அப்போது உதவிப் பங்குத்தந்தை இருந்தால் அவர் தற்காலிகமாகப் பொறுப்பைப் பார்ப்பார். இல்லையென்றால் மறைமாவட்ட விதிப்படி பக்கத்துப் பங்குத்தந்தை ஒருவர் பார்ப்பார்.

திருமணத்தில் இது ஏன் பெரிய விஷயம் என்றால், திருப்பலி நிறைவேற்ற எந்தக் குருவாலும் முடியும், ஆனால் திருமணம் செல்லுபடியாக அங்கே நிற்பவருக்கு அதற்கான அதிகாரம் இருக்க வேண்டும். அந்த அதிகாரம் ஆயருக்கும் அவர் சார்பில் மறைமாவட்டத்தை நிர்வகிக்கும் பதில்குருவுக்கும், அந்த எல்லைக்குள் அந்த நேரத்தில் பதவியில் இருக்கும் பங்குத்தந்தைக்கும், இவர்கள் கொடுத்தால் மற்றவர்களுக்கும் உண்டு. உங்கள் தங்கைக்குச் சிறு வயதிலிருந்து தெரிந்த பழைய பங்குத்தந்தை, புதிய பங்கில் பொறுப்பேற்ற பிறகு திரும்பி வந்து தாலியை மந்திரிக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படலாம். தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்த நாளில் அவர் உங்கள் ஊரில் விருந்தாளி. புதியவர் இன்ன குருவுக்கு, இன்ன மணமக்கள் திருமணத்துக்கு என்று பெயர் குறித்து அதிகாரம் கொடுக்க வேண்டும். ஒரு திருமணத்துக்கான அனுமதியை வாய்மொழியாகக் கொடுத்தாலும் செல்லும். நான் எப்போதும் எழுதி வாங்கித் திருமணக் கோப்பில் வைக்கச் சொல்வேன். பதிவேட்டில் நடத்தி வைத்தவர் பெயருக்குக் கீழே ‘பங்குத்தந்தையின் அனுமதியோடு’ என்று ஒரு வரி. இருபது வருஷம் கழித்து யாராவது புரட்டினால் அந்த ஒரு வரிதான் பேசும். மக்கள் பொதுவாகத் தவறாக நம்பியிருந்தால் திருச்சபையே அதிகாரத்தை ஈடு செய்யும் என்று 144ஆம் சட்டம் இருக்கிறது. ஆனால் அது தவறு நடந்துவிட்ட பிறகு கைகொடுக்க வைத்தது, அதை நம்பிக் கல்யாணத் தேதி குறிக்காதீர்கள்.

பொறுப்பு மாறுவதால் ஏற்கெனவே செய்த எதையும் மறுபடி செய்ய வேண்டியதில்லை. மூன்று ஞாயிறு ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசித்தாயிற்று என்றால் வாசித்ததுதான். கலப்புத் திருமணத்துக்கு ஆயர் கொடுத்த அனுமதியோ விதிவிலக்கோ பங்குத்தந்தை மாறியதால் காலாவதி ஆகாது. ஆனால் கோப்பு முழுமையாக இருக்க வேண்டும். இரு தரப்புத் திருமுழுக்குச் சான்றுகள் (ஆறு மாதத்துக்குள் எடுத்தவையாகக் கேட்பார்கள்), திருமணத் தயாரிப்புப் பயிற்சிச் சான்று, மணமக்களைத் தனித்தனியே விசாரித்து எழுதிய படிவம், ஓலை வாசித்ததற்கான இரு பங்குகளின் சான்று, ஆயர் இல்ல அனுமதிகள் இருந்தால் அவை. பழையவர் பெட்டி கட்டும் முன்பே போய், இவை எல்லாம் ஒரே உறையில் இருக்கின்றனவா என்று அவர் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். மேசை இழுப்பறையில் ஒன்றும் பீரோவில் ஒன்றுமாகக் கிடந்து, கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் விசாரணைப் படிவத்தைக் காணோம் என்று தேடுவதுதான் வழக்கமாக நடக்கிற கோளாறு.

மாப்பிள்ளை வீடு மார்த்தாண்டம் அல்லது தக்கலை மறைமாவட்டம் என்றால் இன்னொன்று. உங்கள் பங்கில் அப்போது திருத்தொண்டர் (குருவுக்கு முந்தைய படியில் உள்ள திருப்பணியாளர்) ஒருவர் இருந்து, ‘இடைவெளியில் அவரே நடத்தி வைக்கட்டும்’ என்று யாராவது யோசனை சொன்னால், ஏற்காதீர்கள். இலத்தீன் மணமக்கள் இருவருக்கும் அதிகாரம் பெற்ற திருத்தொண்டர் நடத்தி வைக்கலாம். ஒருவர் கீழைத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்றால் குருவின் ஆசீர் கட்டாயம். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் இலத்தீன் சட்டத்திலேயே இதைச் சேர்த்துவிட்டார். தக்கலைக்கும் கோட்டாற்றுக்கும் பெண் கொடுத்து எடுக்கிற நம் மாவட்டத்தில் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இனி பணம். பங்கு என்பது திருச்சபைச் சட்டப்படி பங்குத்தந்தையிலிருந்து வேறான ஒரு சட்டநபர். பங்குத்தந்தை அதன் சார்பில் கையெழுத்துப் போடுகிறவர், அதன் சொத்தைப் பராமரிக்கிறவர். அவர் மாறினால் பங்கின் கடனும் மாறாது, கட்டட நிதியும் மாறாது. ஒரு நோக்கத்துக்காக மக்கள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்று 1267ஆம் சட்டம் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது. கோயில் கட்ட வாங்கிய பணத்தில் புதியவர் பள்ளிக்கு வேன் வாங்க முடியாது. பேரவை தீர்மானம் போட்டாலும் முடியாது. ஆனால் இந்தச் சட்டம் காப்பாற்ற வேண்டும் என்றால், எவ்வளவு பணம் அந்த நோக்கத்துக்கு வந்தது என்பதற்கு ஏடு வேண்டும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பொறுப்பு மாறும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு நிதிக்குழு உட்கார்ந்து கணக்கை ஒரு தேதியோடு மூட வேண்டும். நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம், சட்டம் 537. கையிருப்பு, வங்கி இருப்பு, வைப்பு நிதி எல்லாம் வழக்கமாக எழுதிவிடுவார்கள். விட்டுப்போவது வேறு. ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த முன்பணம், அவர் செய்து முடித்தும் பில் போடாத வேலை, கடையில் கடனாக வந்த கம்பியும் சிமெண்டும், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் தருவதாகச் சொல்லி இன்னும் தராத தொகை. கடைசியில் சொன்னது வரவு இல்லை, தனிப் பட்டியலாக இருக்க வேண்டும். அதை வரவாக எழுதிவிட்டால் புதியவர் இல்லாத பணத்தைத் தேடுவார், பழையவர் மேல் பழி விழும். ஒப்பந்தம் வாய்ப்பேச்சாக இருந்தால், சதுர அடிக்கு எவ்வளவு, எந்தெந்த வேலை அதில் அடங்கும் என்பதைப் பழையவர், ஒப்பந்தக்காரர், நிதிக்குழு மூவரும் கையெழுத்திட்டு இப்போதாவது தாளில் எழுதுங்கள். ‘முந்தின சாமி வேற ரேட் பேசியிருந்தாரு’ என்று ஒப்பந்தக்காரர் சொல்ல ஆரம்பித்தால் மறுத்துப் பேச ஆள் இருக்க மாட்டார்.

இரசீதுப் புத்தகங்களை எண் போட்டு எண்ணுங்கள். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கிழித்தாயிற்று, எந்தப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது, பாதிப் புத்தகத்தில் கிழிக்காத தாள்கள் எத்தனை. மீதித் தாள்களில் குறுக்குக் கோடு போட்டு இருவர் கையெழுத்திட்டு மூடிவிட்டு, புதியவர் புதுப் புத்தகத்தில் தொடங்குவதே நல்லது. கடலோரப் பங்குக்கு இன்னொரு சிக்கல். நம் மாவட்டத்தின் மேற்குக் கடல் பகுதியில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன் வரவை நம்பிய குத்தகையும் குடும்ப வரியும் அந்த மாதங்களில் இறங்கும். மாற்றலும் அதே நேரத்தில் வருவதால், ‘புதியவர் வந்ததும் வரவு குறைந்துவிட்டது’ என்று பேச்சு கிளம்பும். கணக்கு மூடும் தாளிலேயே முந்தைய இரண்டு ஆண்டுகளின் ஜூன், ஜூலை வரவையும் எழுதி வைத்தால் அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது.

வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்ற, நியமனக் கடிதம், ஆயர் இல்லக் கடிதம், புதியவரின் அடையாள ஆவணங்கள், குழுவின் தீர்மானம் என்று வங்கி கேட்கும், நாள் பிடிக்கும். அதற்குள் உபதேசியார் (கோயிலில் குருவுக்கு உதவும் பொதுநிலைப் பணியாளர்) சம்பளமும் மின்கட்டணமும் நிற்கும் என்பதால், ஒரு மாதச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே பங்கின் பேரில் எடுத்து, பொருளாளர் கையெழுத்தோடு கணக்கில் காட்டி வையுங்கள். இப்போது இதைவிடப் பெரிய தொல்லை கைபேசி எண். பங்குக் கணக்கின் ஓடிபி பழையவரின் சொந்த எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும். கோயில் வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை யார் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பதை ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள், திரையில் பெயர் தெரியும். சொந்தக் கணக்கு என்றால் அந்த அட்டையை அன்றைக்கே கிழித்துவிட்டு, அதுவரை வந்த தொகையை அறிக்கையோடு பங்குக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார்கள், வசதிக்காகத் தொடங்கியதாக இருக்கும். ஆனாலும் அது நிற்க வேண்டும். மின்னஞ்சல் கடவுச்சொல், கண்காணிப்புக் கேமராவின் கடவுச்சொல், வாட்ஸ்அப் குழுக்களின் பொறுப்பு, இவையும் ஒப்படைப்புப் பட்டியலில் வரட்டும்.

பொருட்பட்டியல் பற்றி 1283ஆம் சட்டம் தெளிவாக இருக்கிறது. நிர்வாகப் பொறுப்பு ஏற்பவர் அசையாச் சொத்து, விலைமதிப்புள்ள அசையும் பொருள் எல்லாவற்றையும் விவரத்தோடும் மதிப்போடும் பட்டியலிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு படி பங்கில், ஒரு படி ஆயர் இல்லத்தில். நடைமுறையில் பலர் பழைய பட்டியலின் கீழே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்ய விடாதீர்கள். இரசக்கிண்ணம் மூன்று என்று எழுதினால் போதாது. எது வெள்ளி, எதன் அடியில் யார் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கிறது என்பது வேண்டும். மாதாவின் கிரீடம், நேர்ச்சைச் சங்கிலி, தங்கப் படகு போன்றவை இருந்தால், பேரவையிலிருந்து இருவர் முன்னிலையில் நகைக்கடைத் தராசில் நிறுத்து, கிராமையும் அடையாளத்தையும் எழுதி, படம் எடுத்து வையுங்கள். நேர்ச்சையாக வந்த பொருளையும் கலை, வரலாற்று மதிப்புள்ள பொருளையும் விற்க ஆயரின் அனுமதி மட்டும் போதாது, உரோமையின் அனுமதியும் வேண்டும் (சட்டம் 1292). ‘பழைய நகையை உருக்கிக் கோயில் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம்’ என்று புதியவரிடமோ பழையவரிடமோ ஊரார் சொல்லும் முன் இதை நினைவில் வைக்க வேண்டும். நிலப் பத்திரம், பட்டா, வரி இரசீது, கல்லறைத்தோட்ட வரைபடம் இவற்றின் மூலப்பிரதி எங்கே இருக்கிறது என்பதையும் பட்டியலில் எழுதச் சொல்லுங்கள். பங்கில் இருப்பது நகலாக இருந்தால் ‘நகல்’ என்றே எழுத வேண்டும்.

பதிவேடுகளில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நடக்கும் பிழை பத்து வருஷம் கழித்துத்தான் வலிக்கும். உங்கள் பங்கில் திருமணம் நடந்தால், மணமக்கள் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். அங்கே திருமுழுக்குப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கும் வரியின் ஓரத்தில், இன்ன தேதி, இன்ன ஊரில், இன்னாரை மணந்தார் என்று குறிப்பார்கள். பழையவர் புறப்படும் கடைசி மாதத்தில் நடந்த திருமணங்களின் அறிவிப்புகள் அனுப்பப்படாமலே போவது சகஜம். அவர் புதியவர் அனுப்புவார் என்று நினைப்பார், புதியவர் அனுப்பியாயிற்று என்று நினைப்பார். விளைவு, திருமணம் ஆனவருக்குத் தனியாள் என்று சான்று கிடைக்கும்; அல்லது வெளிநாட்டில் பிள்ளைக்குத் திருமுழுக்குக் கேட்டுப் போகும்போது ஏடும் சான்றும் பொருந்தாமல் நிற்கும். ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு பதிவேட்டிலும் கடைசிப் பதிவின் கீழே கோடு போட்டு, வரிசை எண்ணையும் தேதியையும் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்தில்லாத பதிவுகள் இருந்தால் பழையவர் போகும் முன்பே போட்டுவிட வேண்டும். பழைய சான்றுகளை யார் தருவார் என்று கவலைப்படத் தேவையில்லை. சான்று ஏட்டிலிருந்து வருகிறது, பதவியில் இருக்கிறவர் முத்திரையோடு தருவார்.

திருப்பலிக் கருத்து ஏட்டையும் பாருங்கள்; இன்ன வேண்டுதலுக்காகத் திருப்பலி நிறைவேற்றச் சொல்லி மக்கள் கொடுப்பவை அதில் பதிவாகும். யார் கொடுத்தார்கள், என்ன கருத்து, எவ்வளவு காணிக்கை, நிறைவேற்றிய நாள் என்று அதில் இருக்க வேண்டும். நிறைவேறாமல் நிற்கும் கருத்துகளை எண்ணி, அவற்றுக்குரிய காணிக்கையைத் தனி உறையில் போட்டுப் புதியவரிடம் கொடுக்க வேண்டும். பொதுக் கணக்கோடு கலக்கக் கூடாது. ஓராண்டுக்குள் நிறைவேற்ற முடியாத அளவு கருத்துகளை ஒருவர் ஏற்கவே கூடாது என்பதும் சட்டம்.

எது பாதருடையது, எது பங்குடையது என்ற பேச்சு எல்லா ஊரிலும் வரும். பங்குத்தந்தையிடம் கொடுத்தது பங்குக்கே கொடுத்தது என்று சட்டம் ஊகிக்கிறது. இல்லை என்று காட்டினால்தான் அவருடையது. குருப்பட்ட வெள்ளி விழாவுக்கு வீட்டார் தைத்துக் கொடுத்த திருவுடை, அவர் காசில் வாங்கிய புத்தகம், பிறந்தநாளுக்கு ஒரு குடும்பம் கொடுத்த பேனா, இவை அவருடையவை. ஊரில் வசூலித்து வாங்கிய வண்டி, மேடையில் ‘பாதருக்கு’ என்று அறிவித்துக் கொடுத்திருந்தாலும், ஏட்டில் யார் பேரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பங்குப் பணத்தில் வாங்கிய இன்வெர்ட்டரும் சலவை இயந்திரமும் வீட்டோடு நிற்க வேண்டும். வழியனுப்பு விழாவுக்கு வசூலிக்கும்போதே, தொகை அவருக்குத் தனிப்பட்ட அன்பளிப்பா, கட்டட நிதியா என்று தீர்மானம் எழுதிவிட்டால் இந்தப் பேச்சே எழாது.

பங்கில் அரசு உதவி பெறும் பள்ளி இருந்து பங்குத்தந்தையே தாளாளராக இருந்தால், தாளாளர் மாற்றத்தைக் கல்வித்துறைக்குத் தெரிவித்து ஒப்புதல் வாங்குவது தனி வேலை. கோயிலில் பொறுப்பேற்றதால் பள்ளியில் தானாகத் தாளாளர் ஆகிவிட முடியாது. ஆசிரியர் சம்பளப் பட்டியலில் யார் கையெழுத்து என்ற சிக்கல் ஜூன் மாதத்தில்தான் தலைதூக்கும். தலைமையாசிரியரை முன்கூட்டியே கோப்பு தயார் செய்யச் சொல்லுங்கள்.

புதியவரைக் கூட்டி வர அவருடைய பழைய ஊரிலிருந்து வேன்களில் ஆள் வருவார்கள், உங்கள் ஊரிலிருந்தும் பழையவரைக் கொண்டுவிடப் போவார்கள். இரண்டும் ஒரே நாளில் வந்தால், இங்கே வருகிறவர்களை வரவேற்க ஊரில் ஆள் இருக்காது. யார் போவது, யார் நிற்பது என்று அன்பிய வாரியாக (பங்கின் சிறு குடும்பக் குழுக்கள் வாரியாக) பிரித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று அந்த ஊர்ப் பேரவைச் செயலரிடம் இரண்டு நாள் முன்பே கேட்டு வாங்குங்கள். பொறுப்பேற்பு முடிந்து எல்லாரும் பந்திக்குப் போகும் நேரத்தில்தான் ஒப்படைப்புப் பட்டியலில் அவசர அவசரமாகக் கையெழுத்து வாங்குவார்கள். அதை முந்தின நாள் மாலையே, வட்டார முதல்வரோ அவர் அனுப்பும் குருவோ இருக்க, பழையவரும் புதியவரும் உட்கார்ந்து முடித்துவிட வேண்டும்.

கடைசியாக, இப்போதுள்ள பங்குப் பேரவை தொடருமா, பங்குத்தந்தை மாறியதும் கலைந்துவிடுமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பொதுச் சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. பங்குப் பேரவைக்கு ஆயர் வகுத்த விதிமுறைதான் சட்டம், அது மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் வேறுபடும். நூல் உங்கள் பங்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வட்டார முதல்வரிடம் கேட்கலாம். எப்படி இருந்தாலும் பேரவை ஆலோசனை சொல்லும் அமைப்புதான், முடிவு பங்குத்தந்தையுடையது. தங்கையின் திருமணக் கோப்பைப் பற்றிப் புதியவரிடம் பேச, அவர் பொறுப்பேற்கும் வரை காத்திருக்க வேண்டாம். அவருடைய இப்போதைய பங்குக்கே போய், தேதியையும் நேரத்தையும், பழையவர் நடத்தி வைக்க நீங்கள் விரும்புவதையும் சொல்லிவிட்டு வாருங்கள். எழுத்தில் தரும் அனுமதியை மட்டும் அவர் பொறுப்பேற்ற பிறகு தேதி போட்டு வாங்குங்கள்.